அச்சடிக்காமல் டிக் அடிக்கலாம்

மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருப்பவருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது ஒரு மாலை நேர வேலை. மாதம் முழுக்க வந்த செக்கும் எடுத்த டிராஃப்டும் பாஸ்புக்கில் இரண்டு மூன்று பக்கத்துக்குள் அடங்கிவிடும். கணக்குப்பிள்ளை இடப்பக்கம் கேஷ் புக்கையும் வலப்பக்கம் பாஸ்புக்கையும் விரித்து வைத்து, சிவப்பு மைப் பேனாவால் இங்கொரு டிக், அங்கொரு டிக் என்று போட்டுக்கொண்டே வருவார். டிக் விழாமல் நிற்கும் வரிகள்தான் அவர் தேடியவை.

2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. இன்று பதினைந்து ரூபாய் டீக்கும் இரண்டு முழம் மல்லிகைக்கும் வங்கிக் கணக்கில் ஒரு வரி விழுகிறது. நாளொன்றுக்கு நூறு பேர் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்யும் கடை என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 3,000 வரி. பக்கத்துக்கு முப்பது வரி என்றால் 100 பக்கம். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது 1,200 பக்கம். இதை அச்சடித்து, துளையிட்டு, நூல் கோத்து ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தாளில் டிக் அடித்தால்தான் அவர்களுக்கு மனம் ஆறுகிறது. அந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணம் உண்டு. அந்தக் காரணம் புரிந்தால், தாள் இல்லாமலே அதைவிட உறுதியாகச் சரிபார்க்கும் வழியும் புரியும்.

டிக் என்ற சிறு கோடு இரண்டு வேலை செய்கிறது. இரண்டு ஏடுகளில் தனித்தனியாக எழுதப்பட்ட ஒரே நிகழ்வை ஒன்றோடொன்று பொருத்துகிறது; பொருத்திய விஷயத்தை இனி நினைவில் வைத்திருக்க வேண்டாம் என்று மூளையை விடுவிக்கிறது. இரண்டாவது வேலை நாம் நினைப்பதைவிடப் பெரியது. மனிதன் ஒரே நேரத்தில் கைவசம் வைத்திருக்கக்கூடிய தனித்தனித் துணுக்குகள் ஏழு, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001ல் நெல்சன் கோவன் அதையும் குறைத்து, நான்கை ஒட்டித்தான் இருக்கும் என்றார். யுபிஐ பரிவர்த்தனை எண்ணில் 12 இலக்கம் இருக்கிறது. ஒரு சாளரத்தில் அதைப் படித்து, மறு சாளரத்துக்குப் போய்த் தேடுவதற்குள் பாதி மறந்துபோகும். தாளில் என்றால் விரல் வரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். திரையில் ஒரு உருட்டு உருட்டினால் வரி நழுவிப் போகிறது. அச்சுப் பிரதி கேட்பவர்கள் பழமைவாதிகள் இல்லை. விரல் வைக்க இடம் கேட்கிறார்கள்.

ஆனால் விரல் இருந்தும் கண் தவறவிடுவதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ராடார் திரையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள் எதிரி நீர்மூழ்கியின் சிறு புள்ளியைத் தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டறிய நார்மன் மேக்வொர்த் ஒரு சோதனை வைத்தார். கடிகாரம் போன்ற வட்டத்தில் ஒரு முள் ஒவ்வொரு படியாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். அதைக் கண்டதும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். 1948ல் வெளியான முடிவுப்படி, முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் சரிந்தது. ஆர்வமும் பயிற்சியும் உள்ளவர்களுக்கே அப்படி.

இன்னொரு சோதனை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஜெரமி வுல்ஃப் குழுவினர் 2005ல் நேச்சர் இதழில் எழுதியது. விமான நிலையத்தில் பெட்டிகளை ஊடுகதிரில் பார்ப்பது போன்ற படங்களைக் கொடுத்து, குறிப்பிட்ட பொருள் இருக்கிறதா என்று கேட்டார்கள். பாதிப் படங்களில் அந்தப் பொருள் இருந்தபோது பார்த்தவர்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூறு படத்தில் ஒன்றில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். கண்ணும் அதேதான், பொருளும் அதேதான். அரிதாக வருவதை மூளை வராது என்றே எடுத்துக்கொள்கிறது.

வங்கி ஸ்டேட்மென்டில் பிழை மிக அரிதானது. 3,000 வரியில் ஐந்தோ ஆறோ இருக்கலாம். 2,994 முறை ‘சரி, சரி’ என்று டிக் அடித்த கை, 2,995ஆவது வரியிலும் அதே வேகத்தில் அடித்துவிடும். திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பதும் குறைகிறது. 1993ல் ஜப்பானிய மருத்துவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்: ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்குச் சராசரி 22 முறை, புத்தகம் படிக்கையில் 10, கணினித் திரைமுன் 7. கண் வறண்டு எரியும்போது எண்கள் இன்னும் வேகமாக ஓடும். ஆகவே திரையில் கணக்குப் பார்ப்பது என்றால் தாளில் செய்ததையே அப்படியே திரையில் செய்வது என்று புரிந்துகொண்டால் இரண்டு கேடும் சேர்ந்து வரும்.

ஒத்துப்போகும் வரிகளைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கண்ணிடம் கொடுக்கவே கூடாது. அதைக் கணினி செய்யட்டும். ஒத்துப்போகாமல் மிஞ்சும் வரிகளை மட்டும் மனிதன் பார்க்கட்டும். ஐந்தாறு வரிகள்தான் என்றால் அரிதென்ற அலட்சியத்துக்கு இடமில்லை, அலுப்புக்கும் நேரமில்லை. இதுதான் இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது. மற்றதெல்லாம் அதற்கான வழிமுறை.

முதலில், வந்திருக்கும் ஸ்டேட்மென்ட் முழுமையானதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நம்முடைய கணக்கே தேவையில்லை. ஒவ்வொரு வரியிலும் பற்று, வரவு, இருப்பு என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முந்தைய வரியின் இருப்போடு இந்த வரியின் வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால் இந்த வரியின் இருப்பு வர வேண்டும். ஒவ்வொரு வரியும் தனக்கு முந்தைய வரிக்குச் சாட்சி. நடுவில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தாலோ, யாரோ ஒரு தொகையைத் திருத்தியிருந்தாலோ சங்கிலி அந்த இடத்தில் அறுந்து நிற்கும். எக்ஸெலிலோ இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸிலோ ஒரே சூத்திரத்தை எழுதி 3,000 வரிக்கும் கீழே இழுத்தால் போதும். கடன் விண்ணப்பத்தோடு வரும் ஸ்டேட்மென்ட் போலியா என்று பார்க்கிறவர்களுக்கும் இந்தச் சங்கிலிதான் முதல் சோதனை.

ஸ்டேட்மென்டை எந்த வடிவில் இறக்குவது என்பது அடுத்தது. பெரும்பாலோர் பிடிஎஃப் கோப்பை இறக்குகிறார்கள். அதிலிருந்து நகலெடுத்து எக்ஸெலில் ஒட்டினால் தேதியும் தொகையும் ஒரே கட்டத்தில் குவிந்து குழம்பும். இது கணினியின் கோளாறு இல்லை. 1993ல் அடோபி நிறுவனம் பிடிஎஃப்பை உருவாக்கியது, எந்த இயந்திரத்திலும் பக்கம் ஒரேபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆகவே அந்தக் கோப்புக்குள் பெரும்பாலும் அட்டவணை என்று எதுவும் இருக்காது. பக்கத்தின் இந்த இடத்தில் இந்த எழுத்தை வை, அந்த இடத்தில் அந்தக் கோட்டை வரை என்ற கட்டளைகள்தான் இருக்கும். வாசலில் புள்ளிகள் எங்கெங்கே வைக்கப்பட்டன என்று தெரியும், அது என்ன கோலம் என்று தெரியாது என்பது போல. வரவுக் கட்டமும் பற்றுக் கட்டமும் நம் கண்ணுக்குத்தான் தெரிகின்றன. அதனால் வங்கியின் இணையதளத்தில் எக்ஸெல் அல்லது சிஎஸ்வி என்று கிடைத்தால் வேலை செய்ய அதை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பைச் சான்றாகப் பத்திரப்படுத்துங்கள்.

சிஎஸ்வியிலும் குழி இருக்கிறது. கணக்குப் பார்ப்பவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எக்ஸெல் ஓர் எண்ணை முதல் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கத்திலிருந்து சுழியாக்கிவிடும். கணினி எண்ணை 64 பிட்டுகளில் சேமிக்கும் முறையிலிருந்து வரும் வரம்பு அது. இந்திய வங்கிகளில் 16, 17 இலக்கக் கணக்கு எண்கள் சாதாரணம். கோப்பை நேராக இருமுறை சொடுக்கித் திறந்தால் கடைசி இலக்கங்கள் அழிந்துபோகும். சேமித்துவிட்டால் திரும்பி வராது. 12 இலக்க யுபிஐ எண் இந்த வரம்புக்குள் இருந்தாலும், 4.12E+11 என்பது போலச் சுருங்கித் தெரியும். முன்னால் சுழி இருந்தால் அந்தச் சுழி காணாமல் போகும். வழி எளிது: கோப்பை ‘டேட்டா’ பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, எண் இருக்கும் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று குறிக்க வேண்டும். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எதுவும் எண் இல்லை, அது பெயர். கணக்கு எண்ணும் பரிவர்த்தனை எண்ணும் பெயர்கள்தான்.

டெக்ஸ்ட் ஆக்கிய பிறகும் ஒரு வலை உண்டு. ‘கவுன்ட்இஃப்’ சூத்திரம் எண் போலத் தோன்றும் எழுத்துச் சரத்தை மறுபடியும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு 16 இலக்க எண்களை அது ஒன்றே என்று சொல்லிவிடும். ஒவ்வொரு எண்ணின் முன்னாலும் ஏதாவது ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

தேதி இன்னும் நைசாக ஏமாற்றும். நம் வங்கி 03/04 என்று எழுதினால் ஏப்ரல் 3. கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் அதை மார்ச் 4 என்று படிக்கும். 25/04 வரும்போது இருபத்தைந்தாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பட்டியலில் சில தேதிகள் கட்டத்தின் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது என்று அறியலாம். மாதத்தின் முதல் 12 நாள் கணக்கு ஏறக்குறைய முழுவதும் வேறு மாதங்களுக்குச் சிதறியிருக்கும்.

பைசாவிலும் ஒரு சிக்கல். பத்து பைசா, அதாவது 0.10 என்பது நமக்கு முழுமையான எண். ஆனால் இரண்டையே அடிப்படையாகக் கொண்ட கணினி முறையில் அது முடிவில்லாமல் நீளும், நமக்கு மூன்றில் ஒரு பங்கு 0.333 என்று நீள்வது போலவே. எங்கோ வெட்டித்தான் சேமிக்க முடியும். எக்ஸெலில் 0.5 கழித்தல் 0.4 கழித்தல் 0.1 என்பதை அடைப்புக்குள் போட்டு ஒன்றால் பெருக்கினால் விடை சுழி வராது. தசமப் புள்ளிக்குப் பின் பதினாறு சுழிகள் தள்ளி ஓர் எண் நிற்கும். ரூபாய்க் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ‘இரண்டும் சமமா’ என்று கேட்டால் கணினி இல்லை என்று சொல்ல அது போதும். எல்லாத் தொகையையும் நூறால் பெருக்கி முழு எண்ணாக்கி, பைசாக் கணக்கில் ஒப்பிட்டால் பிரச்சினையே எழாது.

தரவு சுத்தமாகிவிட்டால் பொருத்துவது கணினிக்குச் சொற்ப வேலை. நம் 3,000 வரியில் ஒவ்வொன்றையும் வங்கியின் 3,000 வரியோடும் ஒப்பிட்டால்கூட 90 லட்சம் ஒப்பீடுகள்தான். இரண்டு பட்டியலையும் வரிசைப்படுத்திவிட்டு ஒப்பிட்டால் சில ஆயிரங்களில் முடியும். முக்கியமான கேள்வி, எதைக் கொண்டு பொருத்துவது என்பது. தொகையைக் கொண்டு என்றுதான் முதலில் தோன்றும். மக்கள் உருண்டைத் தொகையாகத்தான் செலுத்துகிறார்கள். ஒரே நாளில் 500 ரூபாய் முப்பது முறை வந்திருந்தால் எந்த 500 யாருடையது? பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு பொருத்துவதே முறை. யுபிஐக்கு 12 இலக்கம், நெஃப்ட்டுக்கு 16 எழுத்துகள் கொண்ட யுடிஆர், ஆர்டிஜிஎஸ்ஸுக்கு 22. ஸ்டேட்மென்டின் விவரக் கட்டத்தில் பெயர், வங்கி, குறிப்பு என்று எல்லாம் சாய்கோடுகளுக்கு நடுவே கிடக்கும். அந்தச் சாய்கோட்டில் பிரித்தெடுத்தால் எண் தனியே வரும். எண் கிடைக்காத வரிகளுக்கு மட்டும் தொகையும் தேதியும் சேர்த்து, இரண்டு மூன்று நாள் முன்பின் இடம் கொடுத்துப் பொருத்தலாம்.

இதையெல்லாம் கையால் செய்யாமல் டேலி போன்ற மென்பொருளும் செய்து தரும். 1986ல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம் அது. மதுரையில் கணக்கு எழுதும் பிள்ளைகள் பலர் டேலி வகுப்பில்தான் தொழில் கற்றவர்கள். அதில் டிக்குக்குப் பதிலாக ஒரு தேதியை இடுவார்கள். நம் ஏட்டில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே, வங்கியில் அது எந்த நாளில் ஏறியது என்று எழுத வேண்டும். தேதி இல்லாதவை தாமாகவே ‘வங்கியில் இன்னும் ஏறாதவை’ என்று ஒதுங்கிக்கொள்ளும். சிவப்பு டிக்கைவிட இது எனக்கு மேலாகப்படுகிறது. டிக் ‘பார்த்தாயிற்று’ என்று மட்டும் சொல்லும். தேதியோ, செக் போட்டு எத்தனை நாளில் பணம் வந்தது என்பதையும் சொல்லிவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் கணினியும் திணறும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் ஒருவர், வெளியூர் வியாபாரிக்கு நாள்தோறும் கடனுக்குப் பூ கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பில் நிலுவையில் இருக்கின்றன. ஒரு நாள் 86,450 ரூபாய் மொத்தமாக வந்து விழுகிறது. எந்தெந்த பில்லுக்கான பணம் இது? நாற்பதில் சிலவற்றைக் கூட்டினால் இந்தத் தொகை வர வேண்டும். ஒவ்வொரு பில்லும் சேரலாம் அல்லது சேராமல் இருக்கலாம்; ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் வாய்ப்பு இரட்டிக்கிறது. இருபது பில் என்றால் 10,48,576 விதம். (எக்ஸெல் தாள் ஒன்றில் இருக்கும் வரிகளின் எண்ணிக்கையும் சரியாக இதுவே; இரண்டும் இரண்டின் இருபதாவது அடுக்கு.) நாற்பது பில் என்றால் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி விதம். விநாடிக்கு ஒரு கோடி விதத்தைச் சரிபார்க்கும் கணினிக்கு முப்பது மணி நேரம் பிடிக்கும். அறுபது பில் என்றால் அதே கணினிக்கு 3,600 ஆண்டுக்கு மேல் ஆகும். 1972ல் ரிச்சர்ட் கார்ப் என்ற அறிஞர், எந்த அளவுக்கும் விரைவான வழி யாருக்கும் தெரியாத 21 கணக்குகளைப் பட்டியலிட்டார். பூக்கடைக்காரரின் இந்தக் கணக்கு அந்தப் பட்டியலில் இருக்கிறது.

தொகைகள் சில ஆயிரங்களுக்குள் இருந்தால் குறுக்கு வழிகள் உண்டு. கணினி விடையைக் கண்டுபிடித்துவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான். நாற்பது பில்லும் பத்தாயிரம் ரூபாய்க்குள், பைசா இல்லாமல் இருந்தால், மொத்தத் தொகை நான்கு லட்சத்தைத் தாண்டாது. 1.1 லட்சம் கோடி விதங்கள், நான்கு லட்சம் தொகைகளுக்குள் அடங்கியாக வேண்டும். சராசரியாக ஒவ்வொரு தொகைக்கும் இருபத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்ட விதங்கள் பொருந்தும். மென்பொருள் ‘பொருந்திவிட்டது’ என்று பச்சை விளக்குக் காட்டினாலும் அது லட்சக்கணக்கான பொருத்தங்களில் ஒன்று. அதை நம்பி பில்லை அடைத்தால் பிறகு வியாபாரியோடு மனஸ்தாபம் வரும். அவருக்கே போன் போட்டு ‘எந்த பில்லுண்ணே?’ என்று கேட்பதைவிடச் சிறந்த வழி கணிதத்திலும் இல்லை. பணம் அனுப்பும்போதே குறிப்பில் பில் எண்ணை எழுதச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

தொலைவில் இருக்கும் இரண்டு ஏடுகளைப் பொருத்துவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. மதுரைக்குக் கிழக்கே செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியபோது, அங்கே இருந்த ஏஜென்ட் எழுதும் பேரேட்டுக்கும் ஊரில் முதலாளி வீட்டில் இருக்கும் கணக்குக்கும் நடுவே கடல் இருந்தது. ஐந்தொகை கப்பலில் வரும். ஊரில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறியவர்கள் பிறகு வங்கிகளை நிறுவினார்கள். ம.சித.ம. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் தொடங்கினார். மதுரையில் கருமுத்து தியாகராசர் செட்டியார் 1943ல் பேங்க் ஆஃப் மதுராவை நிறுவினார். 1946ல் இதே ஊரில் எஸ்.என்.கே. சுந்தரம் பாண்டியன் வங்கியைத் தொடங்கினார். பாண்டியன் வங்கி 1963ல் கனரா வங்கியோடும், பேங்க் ஆஃப் மதுரா 2001ல் ஐசிஐசிஐ வங்கியோடும் இணைந்தன. கணக்கு ஏடுகள் கணினிக்குள் போனாலும், இரண்டு தரப்பும் தனித்தனியே எழுதி பிறகு ஒப்பிட வேண்டும் என்ற விதி மாறவில்லை. வங்கி எழுதியதை மட்டுமே நம் கணக்காக எடுத்துக்கொண்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. யுபிஐ வந்தபிறகு சிறு கடைகளில் தனிக் கணக்கு எழுதும் பழக்கம் குறைந்துவருவது எனக்குக் கவலை தருகிறது.

இனி மிஞ்சிய வரிகள். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ நினைவிருக்கும். மிஞ்சுவதில் பெரும்பகுதி காலத் தாமதம்தான்: நாம் கொடுத்த செக்கை வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லை. 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம்; அதைத் தாண்டியும் ஏறாமல் நின்றால் அவரைக் கேட்டு வேறு செக் கொடுக்க வேண்டியதுதான். அடுத்து, வங்கி பிடித்த கட்டணமும் ஜிஎஸ்டியும் வரவு வைத்த வட்டியும். இவற்றை நம் ஏட்டில் எழுதியிருக்கவே மாட்டோம். மூன்றாவது, நாம் எழுதியதில் நேர்ந்த கைப்பிழை.

கைப்பிழையைக் கண்டுபிடிக்கக் கணக்குப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு கணக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 7,920 ரூபாயை 7,290 என்று எழுதினால் வேறுபாடு 630. ஒன்பதால் வகுத்தால் 70. காரணம் இதுதான்: பத்தாம் இடத்திலிருந்து ஒன்றாம் இடத்துக்கு இறங்கும் இலக்கம் தன் மதிப்பில் ஒன்பது மடங்கை இழக்கிறது, ஏறும் இலக்கம் ஒன்பது மடங்கைப் பெறுகிறது. அடுத்தடுத்த எந்த இரண்டு இடமானாலும் இதே கதை. வகுத்து வந்த 70ல் உள்ள 7, இடம் மாறிய இரண்டு இலக்கங்களின் வித்தியாசம், இங்கே 9க்கும் 2க்கும் உள்ளது. எனவே ஏழு வித்தியாசமுள்ள இலக்கங்கள் அருகருகே வரும் தொகைகளை மட்டும் பார்த்தால் போதும். ஏதாவதொரு வேறுபாடு தற்செயலாகவே ஒன்பதால் வகுபட ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால் இதைத் துப்பாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. வேறுபாட்டில் பாதித் தொகையையும் தேடிப் பாருங்கள். வரவில் எழுத வேண்டியதைப் பற்றில் எழுதியிருந்தால் வேறுபாடு அந்தத் தொகையைப் போல் இரு மடங்காகும்.

நான்காவது வகை, நம்முடையதும் இல்லாமல் வங்கியின் வழக்கமான கட்டணமும் இல்லாமல் நிற்கும் வரி. அதற்குப் போவதற்கு முன், சான்றைப் பத்திரப்படுத்துவது பற்றிச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் வங்கியோடு பேசுவது சிரமம்.

தாளில் டிக் அடித்தால் அந்தத் தாளே மாறிவிடுகிறது. கணினியில் மூலக் கோப்பைத் தொடாமலே குறியிடலாம். பிடிஎஃப்பில் மஞ்சள் பூசினாலோ குறிப்பு எழுதினாலோ அவை மூல எழுத்துகளுக்குள் கலப்பதில்லை. மேலே தனி அடுக்காக நிற்கின்றன, வேண்டுமென்றால் நீக்கலாம். வங்கி மின் கையொப்பம் இட்ட பிடிஎஃப் என்றால், கையொப்பத்துக்குப் பின் எது சேர்ந்தது என்பதையும் மென்பொருள் காட்டிவிடும். இருந்தாலும் மூலத்தை ஒரு கோப்புறையில் அப்படியே வைத்துவிட்டு நகலில் வேலை செய்வதே என் பரிந்துரை. நிறத்தை மட்டும் நம்பாமல், பக்கத்துக் கட்டத்தில் ‘பொருந்தியது’, ‘தேதி பார்க்க’ என்று எழுத்தாலும் குறியுங்கள். சிவப்பு பச்சை வேறுபாடு எல்லார் கண்ணுக்கும் ஒரேபோலத் தெரியாது. நிறத்தைவிட எழுத்தைச் சலித்தெடுப்பதும் சுலபம்.

மூலம் மாறவில்லை என்று நிறுவ ஒரு கணித முத்திரை உண்டு. எஸ்ஹெச்ஏ-256 என்பது எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்துகளாகச் சுருக்கும் முறை. அதே கோப்பைக் கொடுத்தால் எப்போதும் அதே 64 எழுத்து வரும். ஒரே ஒரு பைசாவை மாற்றினால்கூட அடையாளமே தெரியாமல் மாறிவிடும். அந்த 64 எழுத்திலிருந்து கோப்பை மீட்க முடியாது; அதே முத்திரை வரும்படி வேறொரு கோப்பைத் தயாரிக்கும் வழியும் இதுவரை யாருக்கும் தெரியாது. விண்டோஸ் கணினியிலேயே இதைக் கணிக்கும் கட்டளை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது தர வேண்டிய சான்றிதழில் இந்த முத்திரையையும் எழுதச் சொல்கிறது. ஸ்டேட்மென்ட் இறக்கிய அன்றே முத்திரையைக் கணித்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொண்டால் செலவு ஒன்றுமில்லை.

இனி, நாம் செய்யாமலே நம் கணக்கில் பணம் போன வரி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு நாள் கணக்கு வைத்தது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியுடையதும் இல்லாமல் வாடிக்கையாளருடையதும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டமில்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் சிறு தொழில்களின் நடப்புக் கணக்குக்கும் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை அவர் ஏற்க வேண்டும். ஏழு நாளைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகத் திரும்ப வரவு வைக்க வேண்டும், தொண்ணூறு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ தாமே பிறருக்குச் சொல்லியிருந்தால், புகார் செய்யும் நேரம் வரையிலான நஷ்டம் முழுவதும் அவருடையது.

மாதக் கடைசியில் நூறு பக்கத்தை அச்சடித்து உட்காரும் வழக்கத்துக்கும் இந்த மூன்று நாளுக்கும் பொருத்தமே இல்லை. முதல் வாரத்தில் போன பணம் நான்காவது வாரத்தில்தான் கண்ணில் படும். திரையில் ஒருமுறை சூத்திரங்களை அமைத்துவிட்டால், அடுத்த முறை புதிய ஸ்டேட்மென்டை ஒட்டினால் மிஞ்சும் வரிகள் தாமாக மேலே வந்து நிற்கும். சில நிமிட வேலை. திங்கட்கிழமை ஒருமுறை, வியாழக்கிழமை ஒருமுறை பார்த்தால் எந்த வரியும் மூன்று வேலை நாளுக்கு மேல் கவனிக்கப்படாமல் கிடக்காது. சந்தேக வரி தென்பட்டால் வங்கிக்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, அன்றே மின்னஞ்சலிலும் எழுதுங்கள்: கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், தேதி, தொகை, அந்த 12 இலக்க எண். அச்சுப் பிரதி எதுவும் இணைக்கத் தேவையில்லை; இறக்கிய மூலக் கோப்பே போதும்.